முடியட்டும், பிறகு படிக்கலாம் என்பவர்களுக்கு

சித்தி மகனுக்கு ஒரு நாவல் வரிசையின் முதல் பாகத்தைப் பரிசாகக் கொடுத்தேன். நான் பல காலமாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் வரிசை அது. ஆசையாகப் பிரித்தான், பின்னட்டையைப் படித்தான், இரண்டு மூன்று பக்கம் புரட்டினான். "இது மொத்தம் எத்தனை பாகம்க்கா?" என்றான். ஐந்து என்று திட்டம், மூன்று வந்திருக்கிறது, நாலாவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப எல்லாம் வந்து முடியட்டும்க்கா, மொத்தமா உட்கார்ந்து படிச்சிடறேன்" என்றபடி புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டான். அன்பாகத்தான் சொன்னான், பரிசைப் பத்திரமாக எடுத்தும் வைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பதில் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எழுதி, அச்சாகி, கைக்கு வந்துவிட்ட மூன்று புத்தகங்களை, இன்னும் வராத இரண்டுக்காக ஒருவர் படிக்காமல் இருக்கலாமா?

அவன் மட்டும் சொல்வதில்லை. வாசிப்பில் ஊறியவர்களே இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள். முடியாத வரிசையைத் தொடாதே, நடுவில் நின்றுபோனால் மனசு கெட்டுப்போகும், ஆசிரியர் முடிப்பாரோ மாட்டாரோ யார் கண்டது என்பது அவர்கள் வாதம். பட்டு அறிந்த அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் புகழ்பெற்ற வரிசையில் நான்காம் பாகம் 2005இல் வந்தபோது, அடுத்தது அடுத்த ஆண்டே வந்துவிடும் என்று நம்புவதாகக் கடைசியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஐந்தாம் பாகம் வந்தது 2011 ஜூலையில். ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு அச்சில் அப்படியே நிற்கிறது. அதையெல்லாம் பார்த்தவர்கள் உஷாராக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த உஷார் ஒரு வாசகரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியும், ஏனென்றால் வராத புத்தகங்களோடு நான் நெடுங்காலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 31

வரப்போகும் புத்தகங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் புத்தகத்தின் பெயர், பெயர் வைக்காதவற்றுக்கு ஆசிரியர் பெயர் மட்டும். எதிரே முதலில் அறிவித்த தேதி. தேதி மாறும்போது பழையதை ஒரே ஒரு கோட்டால் அடிப்பேன், கீழே இருப்பது படிக்கும்படியாக. சில பெயர்களுக்கு எதிரே அடித்த தேதிகள் வரிசையாகப் போய்ப் பக்கத்தின் ஓரத்தை முட்டி, அடுத்த வரியில் மடங்கியிருக்கும். இதைப் பார்க்கும் நண்பர்களுக்கு அது ஏமாற்றங்களின் கணக்குப் புத்தகமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரிந்ததே இல்லை. ஒவ்வொரு அடித்தலுக்குப் பின்னாலும் எங்கோ ஒருவர் இன்னும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்றுதான் படுகிறது.

இந்தப் பழக்கம் சில விஷயங்களைக் கற்றுக்கொடுக்கும். புத்தகம் விற்கும் தளத்தில் வெளியீட்டுத் தேதி டிசம்பர் 31 என்று இருந்தால் அதை நம்பி நாள் எண்ணக் கூடாது. அங்கே ஏதாவது ஒரு தேதியைப் போட்டால்தான் முன்பதிவு பக்கம் திறக்கும் என்பதால் ஆண்டின் கடைசி நாளைப் போட்டு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆண்டு திரும்பியதும் அது அடுத்த டிசம்பர் 31 ஆகிவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாகத் தரும் ஐஎஸ்பிஎன் எண் வந்துவிட்டது என்பதும் பெரிய செய்தி இல்லை, கையெழுத்துப் பிரதி முடிவதற்கு வெகு முன்பே எண் வாங்கிவிட முடியும். அட்டைப்படம் வெளியானால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் அட்டை வந்து ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டியது வராத புத்தகங்களும் உண்டு.

நான் உண்மையில் கவனிப்பது பக்க எண்ணிக்கையை. பிரதி இன்னும் பதிப்பாளர் கைக்கே போய்ச்சேராத புத்தகத்துக்கு 300, 400, 500 என்று உருண்டையான எண் இருக்கும். அது உத்தேசம். அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து மடிப்பதால், பாரம் கணக்கில்தான் புத்தகம் உருவாகும். பெரும்பாலும் பாரத்துக்கு 16 பக்கம், சிலவற்றில் 8. ஆகவே 300 என்றிருந்தது ஒருநாள் 304 என்றோ 336 என்றோ மாறினால் எனக்குக் கை பரபரக்கும். யாரோ பக்கம் அமைத்து முடித்துவிட்டார்கள், எண்ணிப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். அறிவிப்பு எதுவும் வராது, ஆசிரியர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு எண் மட்டும் சத்தமில்லாமல் திருந்தியிருக்கும். அந்த நாளின் சந்தோஷத்தைப் புத்தகம் கையில் வரும் நாளின் சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஏன் தள்ளிப்போகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் கோபம் பாதி வடிந்துவிடும். ஒரு வரலாற்று நூலில் இருக்கும் நாற்பது புகைப்படங்களுக்கும் உரிமையாளர்களிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், ஒருவர் பதில் எழுதவில்லை என்றால் அத்தியாயமே நிற்கும். பின்னால் வரும் சொல்லடைவைப் பக்கங்கள் எல்லாம் உறுதியான பிறகுதான் தயாரிக்க முடியும், அதற்குப் பிறகு ஆசிரியர் ஒரு பத்தியைச் சேர்த்தால் எண்கள் அனைத்தும் இடம்பெயரும். வழக்கு வரக்கூடிய நூலை வக்கீல் வரிக்குவரி படிப்பார். மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். 2021இல் காகிதத் தட்டுப்பாடும் கப்பல் நெரிசலும் சேர்ந்துகொண்டு, எழுதி முடித்துத் திருத்தி முடித்த புத்தகங்களைக்கூடப் பல நாடுகளில் மாதக்கணக்கில் தள்ளிவைத்தன. இவற்றில் எதுவும் வாசகரை ஏமாற்றும் திட்டம் அல்ல.

தாமதம் பெற்ற பிள்ளைகள்

தாமதத்தைப் பற்றி யாராவது சலித்துக்கொண்டால் கணினி அறிஞர் டொனால்ட் குனுத்தைப் பற்றிச் சொல்வேன். கணினி நிரல் எழுதும் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தர 1962இல் ஒப்புக்கொண்டார். 1965இல் முதல் வரைவை முடித்தபோது கையெழுத்தில் 3000 பக்கம் வந்திருந்தது. ஒரு புத்தகம் ஏழு தொகுதித் திட்டமாக விரிந்தது. 1968, 1969, 1973 என மூன்று தொகுதிகள் வந்தன. பிறகு நின்றது. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்காக அச்சகத்திலிருந்து வந்த பக்கங்களைப் பார்த்தவருக்கு எழுத்துகளின் அழகு போய்விட்டது தாங்க முடியவில்லை. புது ஒளியச்சு முறையில் கணிதக் குறிகள் அவர் கண்ணை உறுத்தின. தானே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதிவிடலாம் என்று 1977இல் தொடங்கினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஏறக்குறைய பத்தாண்டு இழுத்தது. அதுதான் டெக். இன்று உலகம் முழுக்கக் கணிதக் கட்டுரைகளும் இயற்பியல் கட்டுரைகளும் பெரும்பாலும் அதில்தான் அமைகின்றன. நான்காம் தொகுதியின் முதல் பகுதி 2011இல் வந்தது, இரண்டாம் பகுதி 2022இல். மூன்றாம் தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே 38 ஆண்டு. அந்த இடைவெளியில் வாசகர்களுக்குக் கிடைக்காதது ஒரு தொகுதி. அந்த இடைவெளியால் கிடைத்தது, மற்றவர்களின் எண்ணற்ற புத்தகங்கள் அழகாக அச்சாகும் வழி. 'எல்லாம் முடியட்டும்' என்று 1973இல் ஒரு மாணவர் முடிவெடுத்திருந்தால் அவர் பணி ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருக்கும், வரிசை இன்னும் முடிந்திருக்காது. முதல் மூன்றைப் படித்தவர்களோ அதைக் கொண்டு ஒரு துறையையே கட்டி எழுப்பினார்கள்.

இதைவிட வலுவான உதாரணம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. பத்தாண்டில் முடியும் என்று 1879இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தாண்டு கழித்து 1884இல் முதல் பகுதி வந்தபோது ஆங்கிலத்தின் முதல் எழுத்தையே தாண்டவில்லை, எறும்பைக் குறிக்கும் சொல்லோடு நின்றது. கடைசிப் பகுதி வந்தது 1928இல். ஒப்பந்தம் போட்டதிலிருந்து அதைச் சுமந்த ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915இலேயே இறந்துவிட்டார். 1884இல் முப்பது வயதான ஒருவர், அகராதி முழுசாக வரட்டும் என்று காத்திருந்தால் 74 வயதில்தான் முதல் சொல்லைப் பார்த்திருப்பார். அப்படி யாரும் செய்யவில்லை. பகுதி பகுதியாக வாங்கினார்கள், வாங்கியதைப் பயன்படுத்தினார்கள். அதோடு, தாங்கள் படித்த புத்தகங்களில் சொற்கள் எடுத்தாளப்பட்ட இடங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியவர்களும் சாதாரண வாசகர்களே. அவர்கள் காத்திருந்த புத்தகத்துக்குள் அவர்கள் கைவேலையும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கும் இந்தப் பொறுமை தேவைப்பட்டது. 1924இல் வெளிவரத் தொடங்கி ஆறு தொகுதிகளும் வந்து முடிய 1936 ஆனது.

அகராதி வேறு, கதை வேறு, கதைக்கு முடிவு வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபரில் தொடராக எழுத ஆரம்பித்து 1954 மே மாதம் முடித்தார். நமக்கெல்லாம் ஐந்து பாகமும் ஒன்றாகக் கட்டிக் கையில் கிடைத்தது. வேண்டிய இடத்தில் பக்கத்தைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளும் வசதி நமக்கு. அந்த மூன்றரை ஆண்டும் வாராவாரம் படித்தவர்களுக்கு அது கிடையாது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த ஒன்று நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆதித்த கரிகாலனின் முடிவைக் கல்கி எப்படி எழுதப்போகிறார் என்பது இந்த உலகில் யாருக்குமே அச்சில் தெரியாத வாரங்கள் அவர்களுக்கு இருந்தன. யாரும் கெடுத்துச் சொல்லிவிட முடியாத வாரங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கும் முடிவுரையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கதையைச் சட்டென்று முடித்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களுக்கு, இன்னார் என்ன ஆனார், இன்னார் எங்கே போனார் என்று கேட்டவர்களுக்கு, கல்கி அங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறார். காத்திருந்தவர்களின் கேள்விகள் புத்தகத்தின் பாகமாகிவிட்டன. மொத்தமாக வாங்கிப் படித்த நாம் அந்த உரையாடலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலத்தான் கேட்கிறோம்.

சொன்னதற்கு முன்பே வந்த பெருநூலும் உண்டு. ஜெயமோகன் 'வெண்முர'சை 2014 ஜனவரியில் இணையத்தில் நாள்தோறும் எழுதத் தொடங்கியபோது பத்தாண்டு ஆகும் என்றார். 26 நாவல்களாக 2020இலேயே முடித்துவிட்டார். பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கியவர்களுக்கு, ஒவ்வொரு விடியலிலும் ஒரு அத்தியாயத்தோடு கண்விழித்தவர்களின் அந்த ஆறரை ஆண்டு திரும்பக் கிடைக்காது.

நடுவில் நின்ற சரித்திரம்

இவ்வளவும் எனக்கு முன்பே ஓரளவு தெரிந்தவைதான். ஆனால் தெரிந்திருந்தும், முடியாத புத்தகம் என்றால் உள்ளுக்குள் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. அதைத் துடைத்தது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. வேறொரு புத்தகம் தள்ளிப்போன கடுப்பில், அதுவரை கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்ததுதான். பள்ளிப் பாடத்தில் துண்டு துண்டாகப் படித்தது போக, அதை முழுக்கப் படித்தது அப்போதுதான்.

அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் ஐயர். வயது இருபத்தைந்து, கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்குகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. புராணங்களைச் சொல்கிறார், அதற்கும் இல்லை. இவையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தொனியில் பேசிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்று முதலியார் கேட்கிறார். எவை என்று இவர் கேட்க, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர்கள் வருகின்றன. ஐயர் அவற்றைப் படித்ததில்லை. புத்தகங்களே கிடைக்கவில்லை என்கிறார்.

இந்தச் சந்திப்பைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் ஐயரின் வாழ்க்கையில் வந்த திருப்பமாகவே பேசுவார்கள். அன்று என் கண்ணில் பட்டவர் ஐயருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். முதலியார் பதிப்பாசிரியர் இல்லை, தமிழாசிரியர் இல்லை, நீதிமன்ற வேலை பார்ப்பவர். அவர் ஒரு வாசகர். அச்சில் இல்லாத ஒரு புத்தகத்தைப் படித்தே தீர வேண்டும் என்று ஆசைப்பட்ட வாசகர். தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, பாடம் சொல்லுங்கள் என்று கேட்கிறார். ஐயர் தடுமாறித் தடுமாறிப் படிக்கிறார், சமண சமயச் செய்திகள் புரியாமல் ஜைன நண்பர்களின் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்கிறார், ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். சீவக சிந்தாமணி 1887இல் அச்சில் வருகிறது. சிலப்பதிகாரம் 1892. மணிமேகலை 1898. அந்தக் கேள்விக்கும் மூன்றாவது புத்தகத்துக்கும் நடுவே பதினெட்டு ஆண்டு. நடுவில் பத்துப்பாட்டு, புறநானூறு என்று கேட்காதவையும் வந்து சேர்ந்தன. இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, வாசகரின் ஆசை என்பது வாசலில் கைகட்டி நிற்பது என்று எனக்கிருந்த எண்ணம் கலைந்துபோனது. ஆசைப்பட்டுக் கேட்ட ஒருவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் வேலை அன்று தொடங்கியிருக்காது.

அப்புறம் அந்தப் புத்தகமே நின்றுவிடுகிறது. ஐயர் 1940இல் ஆனந்த விகடனில் அதைத் தொடராக எழுத ஆரம்பித்தார். வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் மறைந்தார். 87 ஆண்டு வாழ்ந்தவரின் கதை அவருடைய நாற்பதுகளின் நடுவிலேயே நின்றுபோகிறது. அடுத்த அத்தியாயம் வரும் என்கிற நடையிலேயே கடைசி அத்தியாயமும் போகிறது. நான் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், பின்னால் ஒன்றுமில்லை. குறை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பிள்ளையவர்களின் வீட்டுத் திண்ணையும், ஏடு கட்டும் கயிறும், அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து ஒப்புநோக்கிய இரவுகளும் எனக்கு முழுசாகக் கிடைத்திருந்தன. எழுதியவை எழுதாதவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. 'என் சரித்திரம் முடியவில்லை, அதனால் படிக்காதே' என்று இதுவரை யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியென்றால் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் ஏன் அந்தச் சட்டம்? இறந்தவருக்கு நாம் தரும் சலுகையை உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தர மறுக்கிறோம்.

கோபம் யார்மேல்

ஆசிரியர் வாசகருக்குக் கடன்பட்டவரா என்று ஒரு சண்டை எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. நான் ஒரு பாகத்துக்குக் காசு கொடுத்தேன், அந்தப் பாகம் என் கையில் இருக்கிறது. கணக்கு அங்கேயே நேராகிவிட்டது என்பதுதான் என் கட்சி. தாமதத்துக்காக எழுத்தாளரை ஏசுகிறவர்கள், அவர் ஊருக்குப் போனாலும் விளையாட்டுப் பார்த்தாலும் 'எழுதாமல் அங்கே என்ன வேலை' என்று விரட்டுகிறவர்கள், தாங்கள் விரும்பும் புத்தகத்துக்குத் தாங்களே முட்டுக்கட்டை போடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே யாராலும் ஒரு நல்ல வாக்கியம் எழுத முடியாது.

பதிப்பகத்தின் விஷயம் வேறு. ஒரு பதிப்பகம் பெருந்தொகுப்பு ஒன்றுக்கு முன்பணம் வாங்கியது. மூன்று மாதத்தில் என்றார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அடுத்த மாதம். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பவர் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. புத்தகம் கடைசியில் வந்தது, நன்றாகவே வந்தது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அழகான கட்டமைப்பை மெச்சுகிறேன். ஆனாலும் அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிரதி இன்னும் தயாராகவில்லை, எப்போது என்று சொல்ல முடியாது, வேண்டுமானால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பணம் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகக் காத்திருப்பார்கள். புத்தகம் வாங்குகிறவர்களுக்குப் பொறுமை நிறையவே உண்டு. பிறர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேதி சொல்கிறவர் அந்தத் தேதிக்குப் பொறுப்பாளி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

'முடிந்த பிறகு' என்பவர்கள் கவனிக்காத ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. பல பாகங்களாக வரும் நூலில் இரண்டாம் பாகத்தை அச்சிடலாமா, எத்தனை பிரதி அடிக்கலாம் என்பதை முதல் பாகத்தின் விற்பனையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மொழிபெயர்ப்புகளில் இது இன்னும் கொடுமை. முதல் தொகுதி வந்து, வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் 'மற்றவையும் வரட்டும்' என்று காத்திருந்து, விற்காததால் மற்றவை வராமலே போன வரிசைகள் என் அலமாரியிலேயே இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தொகுதியை முடித்து வைத்திருப்பார், போட ஆள் இருக்காது. முடியாது என்று பயந்தவர்களின் பயமே அதை முடியாமல் செய்துவிடுகிறது. ஒரு வரிசையை நேசிக்கிறவர் முதல் பாகத்தை வந்த உடனே வாங்கி, படித்து, நாலு பேரிடம் பேசுவதைவிட அந்த ஆசிரியருக்குச் செய்யும் பெரிய உதவி வேறில்லை.

வாசகர்கள் அப்படிப் பின்னால் நின்றதால் முடிந்த வரிசைகளும் இருக்கின்றன. ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய பெருங்கதையை முடிக்காமலே 2007இல் இறந்தார். நோய் முற்றிய நாட்களில் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்து வைத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகங்கள் எழுதி 2013இல் நிறைவு செய்தார். கல்கி விட்டுச்சென்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி தந்தையின் குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். நடை கொஞ்சம் மாறும்தான், கை மாறியது தெரியும்தான். எனக்கு அது உறுத்தவில்லை. கேட்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் அந்த வேலையை யாரோ கையில் எடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, வேண்டுமென்றே தள்ளிவைக்கும் முயற்சி ஒன்று நார்வேயில் நடக்கிறது. 2014இல் ஆஸ்லோவுக்கு வெளியே காட்டில் ஆயிரம் மரக்கன்று நட்டார்கள். ஆண்டுக்கு ஒரு எழுத்தாளர் ஒரு படைப்பைக் கொடுப்பார், யாரும் படிக்காமல் நூலகத்தில் பூட்டிவைப்பார்கள், 2114இல் அந்த மரங்களிலிருந்து காகிதம் செய்து எல்லாவற்றையும் அச்சிடுவார்கள். முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட். பலரும் இதைப் புகழ்கிறார்கள். எனக்கு மனம் ஒட்டவில்லை. எழுதி முடித்துப் பூட்டிய அறைக்கு வெளியே நான் நிற்க வேண்டியதில்லை. நான் காத்திருப்பது, இப்போது யாரோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்துக்காக. அடுத்த வாக்கியம் அவருக்கே இன்னும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நேரத்தில் இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது என் நோட்டில் முதல் வரியில் இருப்பது ராபர்ட் கேரோ எழுதிவரும், அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் வரலாற்றின் ஐந்தாம் தொகுதி. கேரோ 1935இல் பிறந்தவர். முதல் தொகுதி 1982, பிறகு 1990, 2002, 2012. ஜான்சன் வளர்ந்த டெக்சாஸ் மலைப்பகுதி மனிதர்கள் வெளியாளிடம் மனம் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் மனைவியோடு அங்கேயே குடிபோய் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். மின்சாரம் வருவதற்கு முன் அந்தப் பெண்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் சுமந்தார்கள், இரும்புப்பெட்டியை அடுப்பில் காயவைத்துத் துணி தேய்ப்பது எப்படிக் கையைச் சுட்டது என்று முதல் தொகுதியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அரசியல்வாதியின் வரலாற்றில் அப்படி ஒரு அத்தியாயத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. நான்காம் தொகுதி 1964இன் தொடக்கத்தோடு நிற்கிறது. அடுத்ததில் வியட்நாம் போர் வரவேண்டும். அது வரும்போது தயாராக இருக்கவேண்டும் என்று நான்கையும் மறுபடி படிக்க ஆரம்பித்து, இப்போது இரண்டாவதில் இருக்கிறேன். 1948 செனட் தேர்தலில் ஒரு பெட்டியின் வாக்கு எண்ணிக்கை, தேர்தல் முடிந்து பல நாள் கழித்துத் திருத்தப்படும் இடம். போன முறை வேகமாகக் கடந்துவிட்ட பெயர்களை இந்த முறை எழுதிக்கொண்டே படிக்கிறேன். ஐந்தாம் தொகுதியில் அவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று தெரியவில்லையே.